வலம் போக இடம் தள்ளு

இருபத்திரண்டு வருடம்
ராக்வெரெயிலிருந்து கடற்கரை வரை பேருந்து ஓட்டியவள் நான்.
கை எந்தப் பக்கமோ வண்டி அந்தப் பக்கம்.
இதில் சந்தேகமே வந்ததில்லை,
நாற்பத்தொன்பது வயதில்
துணிச் சிறகின் கீழ் தொங்கும் மூன்று சக்கர வண்டியில்
ஒரு முக்கோணக் கம்பியைப் பிடித்து உட்காரும் வரை.

"வலப்பக்கம் போக இடப்பக்கம் தள்ளுங்கள்" என்றான் ரைகோ,
பின்னிருக்கையிலிருந்து, தலைக்கவசத்துக்குள்.
வாரநாட்களில் கோதுமை உலர்த்தும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன்,
என் தம்பி மகனைவிடச் சின்னவன்.
"வேகம் வேண்டுமா, இழுங்கள். மெதுவாகவா, தள்ளுங்கள்.
பயமா, ஒன்றும் செய்யாதீர்கள்."

முதல் நாள் தரையிலேயே தோற்றேன்.
முன்சக்கரமும் எதிர்வழக்காடுகிறது:
வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம் ஓடுகிறது.
புல்வெளியெங்கும் நெளிந்து
கௌபோவின் தேன்பெட்டிகளுக்கு நாலு முழம் முன்னால் நின்றேன்.
தேனீக்கள் வெளியே வந்து
பார்த்துவிட்டு உள்ளே போயின.

சட்டைப்பைகளுக்கு ஜிப் போட வேண்டும்.
விசிறி நம் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது,
நாம் நழுவவிடுவதெல்லாம் அதன் வாய்க்கு.
ஆர்வி ஒரு கையுறை கொடுத்தவர்.
பல் மருத்துவர் ஹெல்வெ, பாதிச் சாண்ட்விச்.
கௌபோ கொடுத்தது வக்கீலின் கடிதம்.
அது நழுவியது என்று இன்றும் சாதிக்கிறார்.

மாலையில் பழைய கேரவனுக்குள் கெட்டில் கொதிக்கும்.
அங்கே கதை சொல்வது வாய் அல்ல.
உள்ளங்கை சாய்ந்தால் திருப்பம்,
படபடத்தால் உழுத வயலின் வெப்பக்காற்று,
திடீரென்று விழுந்தால் எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள்.
கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மேசைமேல் இறங்குவார்கள்.
ஆர்வி இறங்கும்போதெல்லாம் சர்க்கரைக் கிண்ணம் உருளும்.
வெளியிலும் அவர் அப்படித்தான்.
நான் கைகளுக்கு ஒரு வேலை கொடுப்பதற்காக
எல்லோருடைய ரொட்டிக்கும் வெண்ணெய் தடவினேன்.

ஒரு திங்கட்கிழமை, ரவுண்டானாவில்,
ஸ்டீயரிங்கைத் தப்பான பக்கம் திருப்பப் போனேன்.
அரைக் கணம்தான்.
முன்னிருக்கைப் பள்ளிப்பையன் நிமிர்ந்து பார்த்தான்.
வியர்த்துவிட்டது எனக்கு.
பிறகு அடுத்த நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன்:
கை கற்கத் தொடங்கிவிட்டது.

ஜூலையில் ஒரு நாள், காற்றே இல்லை,
ரைகோ எதுவும் சொல்லாமல் இறங்கினான்.
காலி இருக்கையின் வாரை இறுக்கிக் கட்டினான்.
தோளைத் தட்டுவான் என்று நினைத்தேன்;
எரிபொருள் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தான்.

எண்பது கிலோ குறைந்த வண்டி
அவிழ்த்துவிட்ட கன்று.
பாதி ஓடுபாதையிலேயே தரை இல்லை.
ஊர்வன என்ற இனத்திலிருந்து
யாரிடமும் கேட்காமல் பெயரை வெட்டிக்கொண்டு
மேலே போய்க்கொண்டிருந்தேன்.

கீழே என் சாலை.
அதில் நாலு பத்து பேருந்து, வேறு யாரோ ஓட்ட,
ஒரு பொறிவண்டின் அவசரத்தோடு.
தினமும் எட்டு முறை நான் நிறுத்தும் கூரை,
அதற்குப் பின்னால் ஸ்புரூஸ் வரிசை,
அதற்கும் பின்னால்
ஒரு குளம்.
குளத்தில் படகு.
படகில் யாரோ குப்புறப் படுத்து, கையில் வெள்ளையாக ஏதோ,
புத்தகமாகத்தான் இருக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருடம், எட்டு முறை,
குளமா!

நிறுத்தம் வந்தால் கால் எழும்.
எழுந்தது.
எஞ்சின் அடங்கி, சிறகின் கம்பிகள் மட்டும் விசிலடித்தன.
படகில் இருந்தவர் மல்லாந்து திரும்பினார்.
குளம் கொஞ்சம் பெரிதானது.
பயமா, ஒன்றும் செய்யாதே.
எண்ணினேன், மூன்று,
பயணிகள் ஏறும் நேரம்.
பிறகு மிதித்தேன்.

மூன்று துள்ளலில் இறங்கினேன். யாரும் கணக்கு வைக்கவில்லை.
கேரவனில் என் கைகளுக்காகக் காத்திருந்தார்கள்.
"நடுவில் சத்தம் நின்றதே?" ரைகோ கேட்டான், முகம் இன்னும் வெளுத்திருந்தது.
"நிறுத்தம் வந்தது" என்றேன்.
ஹெல்வெ கோப்பையைக் கீழே வைத்தாள்:
"யாராவது ஏறினார்களா?"

கை எழுந்தது. இரண்டும்.
ஆர்வியே
சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தார்.